தாளமும் தற்செயலும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா என்றால் இசையையும் கூத்தையும் நாடகத்தையும் எதிர்பார்த்து வருவோரே மிகுதி. அவற்றுக்கு நடுவே அறிவியல் பேச ஒருவனை நிறுத்தியது சங்கத்தாரின் துணிவைக் காட்டுகிறது. அத்துணிவுக்கு ஏற்ப, இசைக்கு முற்றிலும் அயலாகாத ஒரு பொருளையே நானும் எடுத்துக்கொண்டேன். தாளம் என்பது முறையாக வருவது. தற்செயல் என்பது முறையின்றி வருவது. இவ்விரண்டையும் நம் மூளையில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் எவ்வாறு ஏற்கிறது என்பதே என் பேச்சின் பொருள். அக்கூட்டத்தை டோபமைன் நரம்பணுக்கள் என்று வழங்குவர். கேட்பதற்கு இஃது ஆய்வுக்கூடத்துச் செய்திபோலத் தோன்றலாம். ஆயினும் நம் பிள்ளைகளின் படிப்பும், சம்பளப் பணம் சிதறாமல் வீடு வந்து சேர்வதும், வீட்டு முதியவர்களின் நடையும் இதனோடு தொடர்புடையவை. அத்தொடர்பை விளக்கவே உங்கள் முன் நிற்கிறேன்.

இரண்டு மூலிகைகள்

டோபமைன் என்பது ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கெனத் தனிப் பெருமை இருந்ததில்லை. நார்அட்ரினலின் என்னும் வேறொரு பொருளை உடல் ஆக்கும் வழியில் இடையே தோன்றி மறையும் ஒரு படி என்றே அதனைக் கருதி வந்தனர். அக்கருத்தை மாற்றியவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன். 1957-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் முயல்களுக்கு ரெசர்ப்பின் என்னும் மருந்தைச் செலுத்தினர். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பிறகு, உடலில் டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தினர். கிடந்த முயல்கள் எழுந்து நடமாடின! மூளையில் டோபமைனுக்குத் தனக்கென ஒரு பணி உண்டு என்பது இவ்வாறு விளங்கலாயிற்று. கார்ல்சன் 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசை வேறு இருவரோடு பகிர்ந்து பெற்றார்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ரெசர்ப்பின் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த சர்ப்பகந்தியின் வேரிலிருந்து, 1952-இல் சுவிட்சர்லாந்து வேதியியலார் பிரித்தெடுத்த பொருள். எல்-டோபாவோ நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் நிறைந்திருப்பது. அவ்விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து 1937-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். ஒரு மூலிகையின் சத்து டோபமைனை வற்றச் செய்தது. மற்றொரு மூலிகையில் உள்ள பொருள் அதனை மீண்டும் ஊறச் செய்தது. பிற்காலத்து ஆராய்ச்சிகள் பலவும் இவ்விரு செய்திகளின் மேல் எழுந்தவையே.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் டோபமைனைச் சுரக்கும் நடுமூளை நரம்பணுக்கள் நான்கு முதல் ஆறு இலட்சம் வரையே இருக்கும். எண்ணிக்கையில் இத்துணைச் சிறிய கூட்டம், தன் இழைகளை மூளையின் பெரும்பரப்பில் பரப்பி, நாம் எதை நாடுகிறோம், எதைக் கற்கிறோம், எவ்வாறு அசைகிறோம் என்பவற்றை வழிநடத்துகின்றது.

நரம்பணுவின் சொந்தத் தாளம்

நரம்பணு பேசும் மொழி மின்துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் எழுந்து அடங்கிவிடும். துடிப்பு இழையின் முனையைச் சேரும்பொழுது அங்கே டோபமைன் வெளிப்படும்.

எலியின் நடுமூளையை மெல்லிய சீவலாக அரிந்து, உப்பும் சர்க்கரையும் உயிர்வளியும் கலந்த நீரில் வைத்தால், அதிலுள்ள நரம்பணுக்கள் பல மணி நேரம் உயிரோடிருக்கும். அவற்றுள் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தால் ஒரு வியப்பைக் காணலாம். வெளியிலிருந்து எத்தூண்டலும் இல்லாமலே அவை நொடிக்குச் சில முறை, கடிகார ஊசலைப்போல் சம இடைவெளி விட்டுத் துடித்துக்கொண்டிருக்கும். இதயத்தைப் போன்றே இவற்றுக்கும் சொந்தத் தாளம் உண்டு.

உயிருள்ள விலங்கின் மூளையிலோ காட்சி வேறு. அங்கே எண்ணற்ற நரம்பிழைகள் வந்து ஒவ்வொரு டோபமைன் நரம்பணுவையும் தொடுகின்றன. சில இழைகள் துடிக்குமாறு ஏவுகின்றன. சில அடங்குமாறு தடுக்கின்றன. இவ்விரு வகை ஆணைகளுக்கும் இடையே சொந்தத் தாளம் குலைந்து, துடிப்பு ஒழுங்கற்றதாகிறது. அவ்வப்போது சில துடிப்புகள் நெருங்கி ஒரு கொத்தாக எழுகின்றன. 1984-ஆம் ஆண்டில் கிரேஸ், பன்னி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இக்கொத்துக்கு ஓர் இலக்கணமே வகுத்தனர். இரு துடிப்புகளுக்கு இடையே 80 மில்லிநொடிக்கும் குறைவான இடைவெளி நேர்ந்தால் கொத்துத் தொடங்கிற்று என்றும், 160 மில்லிநொடிக்கு மேற்பட்டால் முடிந்தது என்றும் கொண்டனர்.

தனித்தனியே துடிப்பதற்கும் கொத்தாகத் துடிப்பதற்கும் பயனில் வேறுபாடு உண்டா? இவ்வினாவுக்கு 1988-இல் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா கோனோன் விடை கண்டார். எலியின் டோபமைன் இழைகளை அவர் மின்சாரத்தால் தூண்டினார். ஒரு முறை சம இடைவெளி விட்டு, தாளம்போல் தூண்டினார். மறுமுறை அதே சராசரி எண்ணிக்கையைக் கொத்துக் கொத்தாகத் தூண்டினார். கொத்தாகத் தூண்டியபொழுது வெளிப்பட்டு நின்ற டோபமைன் ஏறத்தாழ இரு மடங்கு! காரணத்தை நம் சமையலறையிலேயே காணலாம். பாத்திரம் கழுவும் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழும் நீர் உடனுக்குடன் வடிந்துவிடும். அதே அளவு நீரை ஒரே வீச்சில் கொட்டினால் வடிவதற்கு முன் தேங்கி நிற்கும். மூளையிலும் வெளிப்பட்ட டோபமைனை உடனே உறிஞ்சிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. துடிப்புகள் நெருங்கி வந்தால் அவ்வேற்பாடு பின்தங்கிவிடுகிறது.

2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இதனை ஒரு படி மேலே கொண்டு சென்றனர். சுண்டெலிகளின் டோபமைன் நரம்பணுக்களை மட்டும் ஒளியால் துடிக்கச் செய்யும் முறையைக் கையாண்டு, ஓர் அறையில் நொடிக்கு ஒன்று என்ற மெல்லிய தாளத்திலும், மற்றோர் அறையில் நொடிக்கு 50 என்ற கொத்து வேகத்திலும் தூண்டினர். பின்னர்ச் சுண்டெலிகள் தாமே தேடிச் சென்றது கொத்தாகத் தூண்டல் பெற்ற அறையைத்தான். மெல்லிய தாளம் மூளையை இயல்பு நிலையில் வைத்துக் காக்கின்றது. கொத்தோ 'இதனைக் குறித்துக்கொள்' என்று கற்பிக்கின்றது.

நிகழ்ந்ததும் எதிர்பார்த்ததும்

கொத்து எப்பொழுது எழுகிறது? இதுவே அடுத்த வினா. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் பல்கலைக்கழகத்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தது. நரம்பணுக்கள் கொத்தாகத் துடித்தன. இன்பத்தின் அளவுகோல் இதுவே போலும் என்று நாம் நினைப்போம். ஆனால் ஒரு விளக்கை எரித்துவிட்டுக் குறித்த இடைவெளிக்குப் பின் சாறு கொடுக்கும் முறையைப் பலகால் பழக்கியபின் நிகழ்ந்தது வேறு. விளக்கு எரிந்தவுடன் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வந்தபொழுது பேசாமல் இருந்தன! அதே சாறு, அதே நாக்கு, ஆயினும் துடிப்பு மட்டும் எழவில்லை. இனி, விளக்கை எரித்துச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால் என்ன நேரும்? சாறு வரவேண்டிய அந்நொடியில், வழக்கமாக நிகழும் மெல்லிய துடிப்பும் நின்றுபோயிற்று.

இம்மூன்று நிலைகளையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். விடியற்காலையில் வடிகட்டியிலிருந்து இறங்கும் காப்பியின் மணமே மனத்தை எழுப்பிவிடுகிறது. குடிக்கும்பொழுது செய்தித்தாளில் கண் ஓடுகிறது. பால் திரிந்துபோய்க் காப்பி இல்லை என்ற செய்தி வரும் அன்றுதான், அது நமக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது புலனாகிறது.

ஷுல்ட்ஸும் பீட்டர் தயான், ரீட் மாண்டேகு என்னும் இருவரும் 1997-இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்து வெளியிட்டனர். நிகழ்ந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் எது எஞ்சுகிறதோ அதுவே டோபமைன் நரம்பணுவின் சொல். எதிர்பார்த்ததை விட மிகுதியாக வந்தால் கொத்து. எதிர்பார்த்தபடியே வந்தால் அமைதி. குறைந்து வந்தால் துடிப்பின் நிறுத்தம். மாணவர் விடைத்தாளில் ஆசிரியர் தவறு நேர்ந்த இடத்தில் மட்டும் குறியிடுவதுபோல, நம் எதிர்பார்ப்பில் பிழை நேர்ந்த இடத்தில் மட்டும் இந்நரம்பணு குறியிடுகிறது. அக்குறியைக் கொண்டு மூளை தன் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. கற்றல் என்பது இத்திருத்தமே.

இங்கே தாளம் மீண்டும் வருகிறது. 1998-இல் ஷுல்ட்ஸும் ஹாலர்மனும் சாறு வரும் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தனர். வழக்கத்துக்கு அரை நொடி முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் நரம்பணுக்கள் துடித்தன. எது வரும் என்பதை மட்டுமன்றி, எப்பொழுது வரும் என்பதையும் அவை கணித்து வைத்திருந்தன. எனவே முறையான இடைவெளியில் வரும் ஒன்று, அதன் முறை புலப்பட்டவுடன், அவற்றை அமைதியில் ஆழ்த்துகிறது. முறையின்றி வருவதோ ஒவ்வொரு முறையும் அவற்றை எழுப்புகிறது. கணிக்க இயலாததைக் கணித்து அடங்குவது எங்ஙனம்?

2003-இல் ஷுல்ட்ஸின் குழுவினரான ஃபியோரில்லோவும் டோப்ளரும் மற்றொரு செய்தியைக் கண்டனர். சில குறிகளுக்குப் பின் சாறு உறுதியாக வரும். சிலவற்றுக்குப் பின் வராது. சிலவற்றுக்குப் பின் நூற்றுக்கு 25, 50, 75 முறை வரும். குறிக்கும் சாற்றுக்கும் இடைப்பட்ட காத்திருப்பு நேரத்தில் சில நரம்பணுக்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. அவ்வேற்றம் மிகுதியாக இருந்தது எங்கே? உறுதியாக வரும் என்ற இடத்தில் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று சரிபாதியாக நின்ற இடத்தில்தான்! நூற்றுக்கு 50 என்பது ஐயத்தின் உச்சி. அதுவே அத்துடிப்பின் உச்சியும் ஆயிற்று.

அமைதி என்பது இன்பமின்மை ஆகாது

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். முறையாக வருவதற்கு நரம்பணு துடிக்கவில்லை என்றால், அதில் இன்பமே இல்லை என்று பொருளா? மிச்சிகன் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய பெரிட்ஜும் ராபின்சனும் இதற்கு விடை தந்தனர். எலிகளின் டோபமைனை ஏறத்தாழ முற்றிலும் அழித்த பின்னும், நாவில் சர்க்கரை நீர் பட்டபொழுது அவை முன்போலவே சுவைத்து நாவால் வாயை நக்கின. ஆனால் எதிரே உணவு இருந்தும் எழுந்து சென்று தின்ன முயலவில்லை. விரும்பித் தேடுவது ஒன்று. சுவைத்து மகிழ்வது ஒன்று. டோபமைன் முதலாவதற்கே தலைமை தாங்குகிறது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

வீட்டில் நாள்தோறும் ஒரே நேரத்தில் கிடைக்கும் சோறும், மாலையில் வாசலில் கேட்கும் பழகிய காலடியோசையும், மாதம் தவறாமல் ஊருக்குச் செல்லும் பணமும் நம் நரம்பணுக்களைத் துள்ளச் செய்வதில்லை. அவை நன்கு கற்கப்பட்டுவிட்ட நன்மைகள். ஆதலின் அமைதியாக இருக்கின்றன. அவ்வமைதியைக் கண்டு அவற்றைச் சலிப்பு என்று எண்ணிவிடுவதே நம் காலத்துப் பெரும் பிழை. ஏனெனில், துள்ளலை விற்போர் கடை விரித்திருக்கும் காலம் இது.

விற்பனைக்கு வந்த ஐயம்

அமெரிக்க உளவியலார் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். புறா ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். குறித்த எண்ணிக்கைக்கு ஒரு முறை தானியம் கொடுத்தால், புறா உண்டு, சற்று ஓய்ந்து, பின் மீண்டும் தொடங்கும். எண்ணிக்கையை மாற்றி மாற்றி, எப்பொழுது கிடைக்கும் என்று அறிய இயலாதவாறு கொடுத்தால், ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் கொடுப்பதை அறவே நிறுத்தினாலும் அது எளிதில் விடாது. மேலைநாட்டுச் சூதாட்டப் பொறிகளும் நம் நாட்டுப் பரிசுச்சீட்டுகளும் இவ்வியல்பை நம்பியே வாழ்கின்றன. 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மற்றொன்றும் காட்டினர். வெற்றி மயிரிழையில் தவறிப்போகும் காட்சி, பணம் சிறிதும் தராதபோதும், வெற்றியின்போது விழித்தெழும் மூளைப் பகுதிகளையே எழுப்பிவிடுகிறது. தோற்றவன் தான் நெருங்கிவிட்டதாக எண்ணி மேலும் பணம் வைக்கிறான்.

இதில் டோபமைனின் பங்கை மருத்துவமனைகளும் கண்டன. நடுக்குவாத நோயாளர்க்கு டோபமைனைப்போல் வேலை செய்யும் மாத்திரைகள் சில தருவதுண்டு. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையார், அவ்வகை மாத்திரை உண்டபின் சூதாட்ட வெறி பற்றிக்கொண்ட 11 நோயாளரைப் பற்றி எழுதினர். மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ விட்டபின் பலரிடம் அவ்வெறி அடங்கிற்று. ஒழுக்கக்கேடு என்று ஊரார் தூற்றியிருக்கக்கூடிய ஒரு செயலுக்கு அடியில் ஒரு வேதிப்பொருள் இருந்தது. இச்செய்தி கேட்டபின், சூதில் வீழ்ந்தவனை ஏசுவதைக் காட்டிலும் மீட்பதற்கே நம் மனம் முந்த வேண்டும்.

முன்பு சூதாடுவதற்கு ஓர் இடம் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று அவ்விடம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் குடும்பங்கள் கெடுவது கண்டு, 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் அவற்றைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. சட்டம் ஒரு வாயிலை அடைக்கலாம். நரம்பணுவின் இயல்பைச் சட்டத்தால் மாற்ற இயலாது. பணம் வைக்காத செயலிகளிலும் இதே அமைப்பு உண்டு. விரலால் திரையைத் தள்ளத் தள்ள, பத்துக்கு ஒன்று சிரிக்க வைக்கும். எந்தப் பத்தாவது என்று தெரியாது. எப்பொழுது பாராட்டு வரும், எப்பொழுது மறுமொழி வரும் என்றும் தெரியாது. புறாவின் பொத்தானுக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு காண்பது அரிது.

திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை நாம் அறிவோம். அவ்வதிகாரத்தில் அவர் சூதாடியின் தோல்வியை மட்டும் கண்டு வருந்தவில்லை. அவன் பெறும் வெற்றியையே முதல் இடராகக் காண்கிறார். எப்பொழுதோ ஒரு முறை வரும் வெற்றியே ஆளைக் கட்டிப் போடுகிறது என்பதை நரம்பணு ஆராய்ச்சியும் சொல்கிறது.

தாளம் தரும் துணை

இனித் தாளத்தின் பக்கம் வருவோம். 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு நோயை விவரித்தார். கை நடுங்கும், உடல் முன்னே குனியும், நடை சிறுத்து விரையும். அந்நோயாளரின் மூளையில் டோபமைன் வற்றிவிடுகிறது என்பதை 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் கண்டறிந்தார். பின்னர் நியூயார்க்கைச் சார்ந்த ஜார்ஜ் காட்சியாஸ் எல்-டோபாவைப் படிப்படியாக மிகுந்த அளவில் கொடுத்துப் பெரும்பயன் கண்டார். இன்றளவும் அதுவே முதன்மையான மருந்து.

மருந்தோடு தாளமும் துணை புரிகிறது. 1996-இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் தாட் என்பவரும் கூட்டாளிகளும், நோயாளர் சிலரை மூன்று வாரம் நாள்தோறும் அரை மணி நேரம் தாளத்துக்கு ஏற்ப நடக்கச் செய்தனர். அவர்களின் நடை வேகம் நூற்றுக்கு 25 பங்கு உயர்ந்தது. அகத்தே தாளம் தளர்ந்தவர்க்குப் புறத்தே ஒலிக்கும் தாளம் ஊன்றுகோலாகிறது. இங்கே தற்செயல் பயன்படாது. அடுத்த தட்டு எப்பொழுது விழும் என்று காதுக்குத் தெரிந்தால்தான் கால் அதற்கு முன்பே ஆயத்தமாகும்.

எனவே நம் வீட்டு முதியவர் ஒருவர் மெல்ல நடந்தால், கையெழுத்துச் சுருங்கினால், முகத்தில் சிரிப்புக் குறைந்தால், அதனை முதுமை என்றோ கோபம் என்றோ தள்ளிவிடாதீர்கள்; நரம்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பூனைக்காலி நம் ஊர் விதைதானே என்று தாமே பொடித்து உண்பதும் வேண்டா. அளவு தெரியாத மருந்து ஆபத்து. மாத்திரை உண்ணத் தொடங்கியபின் புதிதாகச் செலவு வெறியோ சூதாட்ட ஆசையோ தோன்றினால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

இரு வகை எதிர்பாராமை

தாளம் நல்லது, தற்செயல் தீயது என்று முடித்துவிடலாமா? கூடாது. எதிர்பாராமை அறவே இல்லாத இடத்தில் கற்றலும் இல்லை. சற்றுமுன் இம்மேடையில் நிகழ்ந்த கச்சேரியையே எண்ணிப் பாருங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை அவையோர் கையில் போட்டுக்கொண்டிருக்கிறோம். மிருதங்கம் வாசிப்பவர் அவ்வெட்டை விட்டு எங்கோ சென்றுவிட்டவர்போல் போக்குக் காட்டி, கோர்வையை மும்முறை வாசித்துச் சரியாக எடுப்புக்கு வந்து சேர்கிறார். அவை முழுவதும் தலை அசைகிறது. தாளம் இல்லையேல் அவ்வியப்பு இல்லை; வியப்பு இல்லையேல் தாளம் வெறும் எண்ணிக்கை. 2011-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார், இசையின் உச்சத்தை எதிர்நோக்கும்பொழுது மூளையின் ஒரு பகுதியிலும், உச்சம் வந்தபொழுது மற்றொரு பகுதியிலும் டோபமைன் வெளிப்படுவதை அளந்து காட்டினர்.

ஆதலின் நாம் பிரித்தறிய வேண்டியவை எதிர்பாராமையின் இரு வகைகளே. கணக்குப் புதிராயினும், புதிய மொழியாயினும், வீணையாயினும், தொடக்கத்தில் எல்லாம் தற்செயல்போலவே தோன்றும். பழகப் பழக முறை புலப்படும், பிழை குறையும், நரம்பணு அடங்கும், பிள்ளை அடுத்த படிக்கு ஏறுவான். சூதிலும் திரையைத் தள்ளுவதிலும் ஆயிரம் நாள் பழகினாலும் அடுத்தது எது என்பது புலப்படாது. பழகினால் குறையும் எதிர்பாராமை கல்வி. பழகியும் குறையாத எதிர்பாராமை சூது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வொரு வாக்கியமே. பிள்ளையின் கையில் உள்ள எதையும் இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள்.

தாயம் உருட்டுவதும் தற்செயல்தானே என்று என் வயதுடையோர் கேட்கக்கூடும். உண்மை. ஆனால் காய் பழம் ஆனதும் அவ்வாட்டம் முடிந்துவிடும். பாட்டி எழுந்து அடுப்படிக்குச் செல்வார். முடிவு உள்ள ஆட்டத்தால் கேடில்லை. முடிவே இல்லாதபடி அமைத்த ஆட்டத்தில்தான் காவல் வேண்டும். உணவு நேரம், படிப்பு நேரம், உறங்கும் நேரம் என்று வீட்டுக்கு ஒரு தாளம் வையுங்கள். அத்தாளத்துக்குள் கைப்பேசிக்கும் ஓர் எல்லை வையுங்கள். பிள்ளைகளுக்கு வைக்கும் எல்லையைப் பெற்றோரும் காப்பது நன்று. நரம்பணுவுக்கு வயது வேறுபாடு இல்லை.

சொந்த ஊரை விட்டு வந்து, பிற மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இஃது இன்னும் பொருந்தும். பெரியப்பாவும் அத்தையும் அடுத்த தெருவில் இல்லை. பிள்ளை தடுமாறினால் முதலில் கண்டுகொள்ளும் கண்கள் குறைவு. அக்குறையைத் தீர்க்கவே சங்கம் இருக்கிறது. ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பும், மாதக் கூட்டமும், பொங்கல் விழாவும் குறித்த நாளில் தவறாமல் வருபவை. அவை துள்ளலைத் தருவன அல்ல. தவறாமல் வரும் என்ற நம்பிக்கையைத் தருவன. ஒரு வாரம் வகுப்பு நடக்காமற் போனால்தான் அதன் அருமை தெரியும். அவ்வகுப்புக்குப் பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.